பெற்றோருக்கு: காலாண்டு விவரமும் சான்றிதழ்கள் பற்றிய ஒரு செய்தியும்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்கள் கொடுத்தாயிற்று. தேர்ச்சி போன ஆண்டைவிடப் பரவாயில்லை. விளையாட்டிலும் கலைத் திருவிழாவிலும் பரிசுகள் வந்தன. தசராவுக்கு வேடம் கட்டிய பிள்ளைகளும் திரும்பிவிட்டார்கள், காதோரம் சாயம் போகாத ஒன்றிரண்டு காளிகள் உட்பட.

இனி ஒரு விஷயம். பள்ளியில் கொடுத்துவைத்த பத்தாம் வகுப்பு அசல் மார்க் ஷீட்டைத் திரும்பக் கேட்டு பிளஸ் டூ பெற்றோர் சிலர் அலுவலகத்துக்கு வருகிறீர்கள். இஸ்ரோவின் குலசேகரன்பட்டினம் ராக்கெட் தளத்தில் வேலை வாங்கித் தருவதாக ஒருவர் சொன்னாராம். அசல் சான்றிதழும் முன்பணமும் கேட்கிறாராம்.

உங்கள் ஆசை நியாயமானது. அந்தத் தளத்துக்காக 2,200 ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்தார்கள். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும். 500 கிலோ சுமக்கும் எஸ்.எஸ்.எல்.வி. என்ற சின்ன ராக்கெட்டுக்கு அந்த எரிபொருள் செலவு கட்டாது. நம் கரையிலிருந்து தெற்கே நேராகக் கடல்தான். அந்தப் பக்கம் மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜின் சோதனை நடக்கிறது. தமிழக அரசின் 2025 விண்வெளித் தொழில் கொள்கை சுமார் 10,000 பேருக்கு வேலை என்று இலக்கு வைத்திருக்கிறது. அதில் நம் ஊர்ப் பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஆனால் இஸ்ரோ வேலை டீக்கடையில் பேசி முடிக்கிற காரியம் அல்ல. அறிவிப்பு அவர்களுடைய இணையதளத்தில் வரும். தேர்வு எழுத வேண்டும். டெக்னீஷியனுக்குப் பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ. வேண்டும். ஃபிட்டர், டர்னர், வெல்டர் எல்லாம் இதில் வரும். அடுத்த படிக்கு முதல் வகுப்பில் டிப்ளமோ, பொறியாளருக்கு பி.இ. பிளஸ் டூவைப் பாதியில் விட்டு, ஐ.டி.ஐ.யும் படிக்காத பையனுக்கு இதில் எதுவும் கிடைக்காது. இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் குமரி மாவட்டத்துக்காரர்; பாலிடெக்னிக் டிப்ளமோவோடு 1984இல் உள்ளே போனவர்.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். படிப்பு முடியும் முன் இந்தக் காரணத்துக்காக அசல் சான்றிதழ் எதையும் பள்ளி தராது. "இன்டர்வியூ" என்று வகுப்பு நேரத்தில் பிள்ளையை அழைத்துப் போகவும் அனுமதி இல்லை. வேலைக்குப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும், சொந்தக்காரரே ஆனாலும், காவல் நிலையத்தில் சொல்லுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் கூச்சப்படாமல் என்னை வந்து பாருங்கள். புகார் எழுத நானே உதவுகிறேன். யார் பெயரும் வெளியே போகாது.

கோபத்தில் எழுதியதாக நினைக்க வேண்டாம். கருப்பட்டி விற்றும் வலை இழுத்தும் சேர்த்த காசு என்பது எனக்குத் தெரியும். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் சேர்க்கை பற்றி விளக்க அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தனியாக நேரம் ஒதுக்கியிருக்கிறோம். அப்பாவோ அம்மாவோ ஒருவராவது வாருங்கள். விடுமுறையில் வகுப்பறைகளுக்கு வெள்ளையடித்துக் கொடுத்த பெற்றோர் அனைவருக்கும் பள்ளியின் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்