'யார் நீ?' படத்தில் பேயே இல்லையே!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய பேய்ப் படங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1966-ல் வந்த 'யார் நீ?' படத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். மழை ராத்திரி, கார், வெள்ளைப் புடவை, எங்கிருந்தோ கேட்கும் பி.சுசீலாவின் குரல் என்று எல்லாம் வந்திருந்தது. முக்கியமானது ஒன்று மட்டும் வரவில்லை. அந்தப் படத்தில் பேயே கிடையாது.

அறுபது வருஷம் ஆகப்போகிறது, இனிமேல் கதையைச் சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஜெய்சங்கர் டாக்டர். மழையில் நிற்கும் பெண்ணைக் காரில் ஏற்றிக்கொள்கிறார். அதிலிருந்து அந்த முகம் அவரை விடுவதில்லை. கடைசியில் பார்த்தால் சொத்துக்காக அவரைப் பைத்தியமாக்க நடந்த சூழ்ச்சி அது. ஒரே சாயலில் இரண்டு பெண்கள், இரண்டும் ஜெயலலிதா. ஆவி, மறுபிறவி எதுவும் இல்லை. இதைச் சிலர் திராவிட இயக்கத்தின் கணக்கில் எழுதுவார்கள். சேலத்துக்காரனான எனக்கும் அப்படி எழுத ஆசைதான், 1944-ல் திராவிடர் கழகம் என்று பெயர் வைத்ததே எங்கள் ஊர் மாநாட்டில்தான். ஆனால் கதை இந்தியிலிருந்து வந்தது. 1964-ல் ராஜ் கோஸ்லா எடுத்த 'வோ கௌன் தி'தான் மூலம். முடிவும் அங்கிருந்தே வந்தது.

ஆனால் நம் ஜனங்கள் பேயை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். இது எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவன். டூரிங் டாக்கீஸில் இரண்டாவது ஆட்டம். படம் முழுக்கப் பயம், கடைசியில் அவசர அவசரமாக விளக்கம். யார் யாருக்கு என்ன உறவு, யார் எதற்காக நடித்தார்கள் என்று திரையில் சொல்லிக்கொண்டிருக்கும்போது பாதிப் பேர் இருட்டில் செருப்பைத் துழாவிக்கொண்டிருப்பார்கள், சைக்கிள் ஸ்டாண்டில் முந்தியாக வேண்டுமே! அப்புறம் அந்தப் பாட்டு. 'நானே வருவேன்' இலங்கை வானொலியில் தனியாக வந்தது, கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் தனியாக வந்தது. பாட்டோடு கதையின் முடிவு வருவதில்லை. படத்தையே பார்க்காதவர்களுக்கும் பேய் வந்து சேர்ந்தது அப்படித்தான். 2022-ல் செல்வராகவன், தனுஷ் படத்துக்கு அதையே தலைப்பாக வைக்கிற அளவுக்கு அந்த ஒரு வரி நிலைத்துவிட்டது.

அதற்கு முன்னால் எங்கள் பக்கத்துப் பேய்கள் வேறு மாதிரி. பாட்டி சொன்ன முனி, காட்டேரி, கொள்ளிவாய்ப் பிசாசு எல்லாம் புளியமரத்திலும் ஆற்றோரத்திலும் இருந்தன. முனிக்குச் சுருட்டும் சாராயமும் படைத்தால் தீர்ந்தது. இவற்றில் ஒன்றும் காரை நிறுத்தி லிஃப்ட் கேட்டதில்லை.

சேலம் – ஏற்காடு வழித்தடத்தில் அரசுப் பேருந்து நடத்துநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். எந்த வளைவில் அந்த வெள்ளைப் புடவைக்காரி நிற்கிறாள் என்று அடிவாரத்து டீக்கடையில் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கு ஒரு நம்பர் சொல்வார்கள். கதை மட்டும் மாறாது. ராத்திரி, பனி, தனியாகக் கார் ஓட்டி வரும் ஆம்பளை, கை காட்டும் பெண். அப்படியே ஜெய்சங்கர் படம்! பஸ்ஸில் ஏறி டிக்கெட் எடுத்த பேயை நான் பார்த்ததில்லை, சக நடத்துநர்கள் யாரும் சொல்லிக் கேட்டதுமில்லை.

பனியில் என்ன தெரிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பனி இறங்கிவிட்டால் ஹெட்லைட்டை பிரைட்டில் வைக்கக் கூடாது. வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி டிரைவர் கண்ணிலேயே அடிக்கும், முன்னால் வேட்டியை விரித்துக் கட்டினதுபோல் ஆகிவிடும். டிம்மில் வைத்து, ஓரத்துக் கல்லைப் பார்த்துக்கொண்டே ஏற வேண்டும். அந்தக் கற்களுக்கும் ரோட்டோர மரங்களின் அடிப்பாகத்துக்கும் நெடுஞ்சாலைக்காரர்கள் வெள்ளை அடித்து வைத்திருப்பார்கள். பனி லேசாக விலகும்போது மரமும் தெரியாது, கிளையும் தெரியாது, அந்த வெள்ளை மட்டும் ஓர் ஆள் நிற்கிற உயரத்தில் தெரியும். வண்டி திரும்பினால் அது நகர்வதுபோலவும் இருக்கும். புது டிரைவர்கள் பிரேக்கில் கால் வைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போகலாம். ஒரு நாள் நாகலூர்ப் பக்கம் போகும் கடைசி பஸ். நல்ல பனி. ரோட்டோரம் வெள்ளைச் சீலையில் ஒரு பாட்டி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். "அண்ணே, நிறுத்தாதீங்கண்ணே" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து குரல், விளையாட்டாக ஒன்று, நிஜமாகவே நடுங்கி ஒன்று. நான் விசில் கொடுத்தேன், வண்டி நின்றது. ஏற்காடு ஆஸ்பத்திரியில் மகளைப் பார்த்துவிட்டு, முந்தின பஸ்ஸைத் தவறவிட்டு, நடந்தே கிளம்பியிருக்கிறார். "ரெண்டு ஜீப்பு நிக்காமப் போயிருச்சு கண்ணு. கையக் காட்டக் காட்டப் பறக்கறானுங்க" என்றார். சில்லறையைச் சுருக்குப் பையிலிருந்து எண்ணிக் கொடுத்தார். முன் சீட்டில் இருந்த பையன் எழுந்து இடம் விட்டான், மரியாதையாலா பயத்தாலா தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் கணவனை இழந்தவர்கள் வெள்ளைச் சீலை கட்டுவது வழக்கம். வயதானவர்களிடம் இன்றைக்கும் உண்டு. சினிமாவுக்கு அது இருட்டில் பளிச்சென்று தெரிகிற துணி, அவ்வளவுதான். இங்கே அது யாரோ ஒருவரின் அம்மா தினமும் கட்டுகிற துணி. என் அத்தை தெருவில் போனால் பொடிசுகள் பின்னாலிருந்து 'நானே வருவேன்' என்று இழுத்துப் பாடும். அத்தை அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. "பாட்டு நல்லாத்தான் இருக்குது, இவனுங்க சுதி சேராமப் பாடறானுங்க" என்பாள்.

படத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எடுத்தவர்கள் முடிவை ஒழுங்காகச் சொல்லித்தான் எடுத்தார்கள். காதில் வாங்காதது நாம். 1978-ல் 'ஆயிரம் ஜென்மங்கள்' வந்தபோது பேய் நிஜப் பேயாகவே வந்துவிட்டது, விளக்கத்துக்கு வேலையில்லை. 2005-ல் 'சந்திரமுகி' திரும்பவும் விளக்கம் சொன்னது. ரஜினி அதில் மனநல மருத்துவர், கங்காவுக்கு வந்திருப்பது நோய் என்று பொறுமையாக எடுத்துச் சொல்வார். என்ன ஆயிற்று? 'லகலகலக'தான் மிச்சம். ஏற்காட்டில் பூட்டிக் கிடக்கும் எஸ்டேட் பங்களா ஒவ்வொன்றும் டாக்சிக்காரர் வாயில் 'சந்திரமுகி பங்களா' ஆகிவிட்டது. உள்ளே வாட்ச்மேன் குடும்பம் சோறாக்கிக்கொண்டிருக்கும்.

இப்போது பையன்கள் கூட்டாளிக்கு வெள்ளைப் புடவை சுற்றி ராத்திரியில் வளைவில் நிற்கவைத்து ரீல்ஸ் எடுக்கிறார்கள். இரண்டாவது கியரில் இறங்கி வரும் லோடு வண்டி நினைத்த இடத்தில் நிற்காது என்று அவர்களுக்கு யார் சொல்வது? அந்த ரீல்ஸைப் பார்த்துவிட்டு 'மலைப்பாதையில் பேய் நடமாட்டமா?' என்று கேள்விக்குறி போட்டுச் செய்தி வெளியிடும் பத்திரிகைகளும் இருக்கின்றன. உங்கள் பத்திரிகை அதில் சேர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை 'யார் நீ?' பற்றி எழுதினால் கடைசிக் காட்சியையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொரு திருத்தம். இசை எம்.எஸ்.விஸ்வநாதன் என்று போட்டிருந்தீர்கள். இல்லை, வேதா. மெட்டுகள் இந்தியில் மதன் மோகன் போட்டவை, அவற்றைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் வேதா. தயாரிப்பு, சிரித்தே நம்மை நடுங்கவைத்த பி.எஸ்.வீரப்பா. எங்கள் ஊர்ப் படக் கம்பெனியான மாடர்ன் தியேட்டர்ஸின் 'வல்லவன் ஒருவன்', 'இரு வல்லவர்கள்' படங்களுக்கும் அதே 1966-ல் இசை போட்டவர் வேதாதான். மற்ற ஊர்க்காரர்கள் விட்டுவிடலாம், சேலத்துக்காரர்கள் இதை விடமாட்டோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர்,
அஸ்தம்பட்டி, சேலம்.