புள்ளியியலைப் புளியங்கொட்டையில் தொடங்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

இந்தியப் புள்ளியியல் அறிஞர் பி.சி. மகலனோபிஸ் பிறந்த ஜூன் 29ஆம் நாளை 2007 முதல் தேசியப் புள்ளியியல் தினமாகக் கொண்டாடுகிறோம். அன்றைக்குப் பேச்சுப் போட்டி வைப்பதைவிட, 6 முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் தாங்களே எதையாவது அளந்து, எண்ணிப் பார்க்க வழிசெய்யலாம். பாடத்திட்டத்தில் குறையில்லை. பட்டை விளக்கப்படம், சராசரி, இடைநிலை (வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் எண்), முகடு (அதிக முறை வரும் எண்), நிகழ்வுச் செவ்வகம் (ஒவ்வொரு அளவுப் பிரிவிலும் எத்தனை என்று ஒட்டிய பட்டைகளால் காட்டும் படம்) என்று எல்லாம் படிப்படியாகத்தான் வருகின்றன. ஆனால் பயிற்சிக் கணக்குகளில் பெரும்பாலும் எண்கள் அச்சிட்டே தரப்படுகின்றன. அவற்றை யார் அளந்தார்கள், எப்படி அளந்தார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்று கேட்கப் பிள்ளைகளுக்கு இடமே இல்லை.

சாண் அளவில் தொடங்கலாம். வெள்ளைத்தாளில் கையை முழுக்க விரித்து வைத்து, கட்டைவிரல் நுனியிலும் சுண்டுவிரல் நுனியிலும் கூரான பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். இரண்டு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை மில்லிமீட்டரில் எழுத வேண்டும். முழு சென்டிமீட்டரில் சொல்லச் சொன்னால் வகுப்பில் பாதிக்கு மேல் இரண்டு மூன்று எண்களுக்குள் அடங்கிவிடும், படம் வரைய ஒன்றும் மிஞ்சாது. 40 பேர் உள்ள வகுப்புக்கு 5 மி.மீ. பிரிவு இடைவெளி சரியாக இருக்கும். 165 என்ற அளவு 160-165இல் சேருமா, 165-170இல் சேருமா என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு குழுவின் படமும் ஒவ்வொரு மாதிரி வரும்.

பிழைகள் வரட்டும், அவைதான் பாடம். சில அடிக்கோல்களில் 0 ஓரத்திலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும். ஓரத்தையே 0 என்று வைத்து அளக்கிற பிள்ளை ஒவ்வொரு முறையும் அதே அளவு குறைத்துச் சொல்லும். பத்து முறை அளந்து சராசரி எடுத்தாலும் இந்தப் பிழை போகாது. இன்னொரு பிள்ளை 161க்குப் பதில் 61 என்று எழுதினால், 40 பேரின் சராசரி 2.5 மி.மீ. இறங்கிவிடும், இடைநிலையோ கிட்டத்தட்ட அசையாது. இடைநிலை எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் பாடநூலில் கிடைக்காது. தவறான எண்ணை ரப்பரால் அழிக்க விடாமல், ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் திருத்தி எழுதச் சொல்ல வேண்டும். ஒரே பிள்ளைகளை இரண்டு குழுக்கள் தனித்தனியாக அளந்து ஒப்பிடுவது இன்னும் நல்லது. வங்காளத்துச் சணல் சாகுபடிப் பரப்பைக் கணிக்க மகலனோபிஸும் ஒரே பகுதியில் இரண்டு தனித்தனி மாதிரிகளை வெவ்வேறு குழுக்களைக் கொண்டு அளக்கவைத்து, முடிவுகளை ஒப்பிட்டுச் சரிபார்த்தார்.

அடுத்தது மாதிரி எடுத்தல், அதாவது ஒரு பகுதியை மட்டும் பார்த்து முழுவதையும் கணிப்பது. வாய் குறுகிய பானையில் 300 புளியங்கொட்டைகளைப் போடுங்கள். எண்ணிக்கை ஆசிரியருக்கு மட்டும் தெரிந்தால் போதும். அதிலிருந்து 40ஐ எடுத்து நெயில் பாலிஷில் சிறு புள்ளி வைத்து, நன்றாகக் காயவிட்டுத் திரும்பப் போட்டுக் கலக்க வேண்டும். சாக்பீஸ் குறி கலக்கும்போதே அழிந்துவிடும். பெரிதாகப் பூசினால் விரலுக்குத் தட்டுப்படும். ஒரு குழு பார்க்காமல் 50 கொட்டைகளை எடுத்து, அவற்றில் 8இல் புள்ளி இருந்தால், பானை முழுவதிலும் புள்ளி வைத்தவை அதே விகிதத்தில்தான் இருக்கும் என்று கொண்டு, பானையில் உள்ளவை 40 × 50 ÷ 8, அதாவது 250 என்று மதிப்பிடலாம். எடுத்ததைத் திரும்பப் போட்டுக் கலக்கிய பிறகே அடுத்த குழு எடுக்க வேண்டும். 4 வந்த குழுவுக்கு 500 கிடைக்கும், 10 வந்த குழுவுக்கு 200. எந்தக் குழுவும் தவறு செய்யவில்லை, மாதிரி சிறிதாக இருந்தால் விடை இப்படித்தான் ஆடும். எட்டுக் குழுக்கள் எடுத்தவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் தனிக் குழுவின் விடையைவிடப் பெரும்பாலும் 300க்கு நெருங்கி வரும். பெரிய மொச்சையையும் சிறிய பயறையும் கலந்து இதைச் செய்யக் கூடாது. குலுக்கும்போது பெரியவை மேலே ஏறிவிடும், எடுக்கிற கையில் அவையே சிக்கும்.

இவற்றுக்குச் செலவென்று சொல்ல எதுவும் இல்லை, நேரம்தான் வேண்டும். புள்ளியியல் பாடத்துக்கு முன்பாக நான்கு பாடவேளைகளை இதற்கென்று பள்ளிக் கல்வித்துறை ஒதுக்கித் தர வேண்டும். பாடம் நடக்கும்போதே செய்யப்படும் வளரறி மதிப்பீட்டில் செயல்பாட்டுக்கான மதிப்பெண்ணை, கடையில் வாங்கிய படங்களை வெட்டி ஒட்டிய சார்ட்டுக்குத் தராமல், அடித்தல் திருத்தலோடு பிள்ளைகள் எழுதிய அளவீட்டுத் தாளுக்குத் தர வேண்டும். அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையப் பயிற்சியில் ஆசிரியர்களும் ஒரு மணி நேரம் அந்தப் பானையிலிருந்து கொட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

– நடுநிலைப் பள்ளிக் கணித ஆசிரியர், திருவாரூர் மாவட்டம்