வசந்திக்கு, பித்தத்தைப் பற்றி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. மகள் நர்சிங் சேர்ந்ததில் ரொம்ப சந்தோஷம். பித்தம் பற்றிய பாடத்தைப் பிள்ளைகள் பரீட்சையோடு மறந்துவிடுகிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தாயே, எங்கள் வார்டில் இருக்கும் ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். அவர்களுக்கு உதவும்.

குறைமாதத்தில் பிறந்தவள். குடலில் அறுவை சிகிச்சை நடந்ததால் வாரக்கணக்காக ட்ரிப்ஸ் வழியாகத்தான் எல்லாச் சத்தும். எடை கூடியது. ஆனால் கண் மஞ்சளாகி, மலம் வெளுத்துவிட்டது. பித்தம் கல்லீரலிலேயே தேங்குகிறது.

நீ பாடத்தில் சொல்வதுதான் இங்கே நடக்கிறது. பித்தத்தில் உள்ள பித்த அமிலம் கிளைசின், டாரின் என்ற அமினோ அமிலங்களில் ஒன்றோடு சேர்ந்து பித்த உப்பான பிறகுதான் கல்லீரல் செல் அதைச் சரியாக வெளியே தள்ளும். பின்னாலேயே தண்ணீர் வரும். நமக்கெல்லாம் கிளைசின் சேர்ந்ததுதான் அதிகம், டாரின் சேர்ந்தது அதில் மூன்றில் ஒரு பங்கு. பச்சைக் குழந்தைக்கோ டாரின்தான் முக்கியம். அந்த டாரினை மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து, சிஸ்டீன் என்ற இன்னொன்றின் வழியாக உடல் செய்துகொள்ள வேண்டும். குறைமாதக் குழந்தையின் கல்லீரலில் அதற்கான நொதிகள் இன்னும் முதிர்ந்திருக்காது. மெத்தியோனினை எவ்வளவு ஊற்றினாலும் டாரின் கைக்கு வராது, மிஞ்சியது கல்லீரலுக்குத்தான் பாரம். அதனால்தான் குழந்தைகளுக்கான கரைசல்களில் டாரினைத் தனியாகச் சேர்க்கிறார்கள். தாய்ப்பாலில் அது இயல்பாகவே இருக்கிறது. பசும்பாலில் மிகக் குறைவு.

சிஸ்டீனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. குளூட்டமேட், கிளைசினோடு சேர்ந்து அது குளூட்டதயோன் என்ற சிறு மூலக்கூறு ஆகிறது. பித்த உப்பே இல்லாவிட்டாலும் கொஞ்சம் பித்தம் ஓடுகிறதே, அதை இழுத்துச் செல்வதில் குளூட்டதயோனுக்குப் பெரிய பங்கு.

1960களில் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்டான்லி டட்ரிக் என்ற அறுவை மருத்துவர் நாய்க்குட்டிகளை ரத்தக்குழாய் வழி ஊட்டத்திலேயே வளர்த்துக் காட்டினார். குடல் வேலை செய்யாத எத்தனையோ குழந்தைகள் அதனால் பிழைத்தார்கள். அதை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் குடல் சும்மா கிடந்தால் பித்தப்பையைச் சுருங்கச் சொல்ல ஆள் இல்லை. கொழுப்பும், ஃபினைலலனின் போன்ற அமினோ அமிலங்களும் சிறுகுடலைத் தொடும்போதுதான் பித்தப்பையைச் சுருக்கும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் நன்றாகச் சுரக்கும். ரத்தத்தில் நேராக ஏற்றினால் அந்தத் தூண்டுதல் அவ்வளவாக எழுவதில்லை. ட்ரிப்ஸில் ஏற்றும் சோயா எண்ணெய்க் கொழுப்பில் உள்ள தாவர ஸ்டெரால்களும் பித்தம் தேங்க ஒரு காரணம். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இப்போது மூன்று மணிக்கு ஒருமுறை 1 மி.லி. தாய்ப்பால் கொடுக்கிறோம். வயிறு ஏற்றுக்கொள்கிறது. அந்த அம்மா இரவில்கூடப் பாலைப் பிழிந்து கொண்டுவந்து தருகிறாள். எந்தக் கரைசலைவிடவும் எனக்கு நம்பிக்கை அதன் மேல்தான்.

அடுத்த தேர்வில் இப்படி ஒரு கேள்வி வை: ஒரே அமினோ அமிலம் வாய் வழியாகப் போனால் பித்தப்பை என்ன செய்யும், ரத்தக்குழாய் வழியாகப் போனால் என்ன செய்யும்? பிள்ளைகள் எழுதும் பதில்களில் நல்லதாக நாலைந்தை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
கலா