அடுத்த ரேடார் எப்போது?

ஐரோப்பிய விண்வெளி முகமைக்கும் ஜப்பானின் விண்வெளி முகமையான ஜாக்ஸாவுக்கும்,

வணக்கம். நான் விஞ்ஞானி இல்லை. வானிலைத் தரவுகளைத் தோண்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான். அண்டார்டிகாவில் விழும் பனியை அளக்கும் செயற்கைக்கோள் ரேடார் பற்றித்தான் எழுதுகிறேன்.

மழையை அளக்க ஒரு மழைமானி போதும். அண்டார்டிகாவில் அது எடுபடாது. வானத்திலிருந்து விழும் பனி எது, காற்று தரையிலிருந்து வாரி வந்து கொட்டும் பனி எது என்று மானிக்குத் தெரியாது. கழியை நட்டு, எவ்வளவு புதைந்திருக்கிறது என்றும் பார்க்கிறார்கள். பலத்த காற்று அடித்தால் அந்தக் கணக்கும் போச்சு. தவிர, 1.4 கோடி சதுர கி.மீ.க்கு எத்தனை கழிதான் நடுவது?

அதனால்தான் 2006-இல் நாசா ஏவிய கிளவுட்சாட் செயற்கைக்கோள் பெரிய விஷயமானது. 94 கிகாஹெர்ட்ஸ் ரேடார், அலைநீளம் மூன்று மி.மீ. சொச்சம். பனித்துகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்து, 82 டிகிரி தெற்கு வரை ஆண்டுக்குச் சராசரியாக 171 மி.மீ. நீருக்குச் சமமான பனி விழுகிறது என்று கணக்கிட முடிந்தது. குறையும் உண்டு. தரையின் எதிரொலி குறுக்கிடுவதால் கடைசி 1200 மீட்டரில் நடப்பது அதற்குத் தெரியாது. கரையோரம் சரிவில் இறங்கும் வறண்ட காற்று, விழுந்துகொண்டிருக்கும் பனியைக் குடிப்பதோ அங்கேதான்! கிளவுட்சாட் 22 மாதத்துக்கென்று செய்தது. பேட்டரி படுத்த பிறகும், பகலில் மட்டும் வேலை செய்துகொண்டு மொத்தம் 17 ஆண்டு ஓடியது.

2023 டிசம்பரில் அதன் ரேடாரை அணைத்தார்கள். பல ஆண்டு தள்ளிப்போன உங்கள் எர்த்கேர் செயற்கைக்கோள் கிளம்பியது 2024 மே 28. இடையில் ஐந்து மாதம். இரண்டும் ஒரே பனியை ஒரு நாள்கூடச் சேர்ந்து பார்க்கவில்லை. நாளைக்கு அண்டார்டிகாவில் பனிப்பொழிவு கூடியதாக வரைபடம் காட்டினால், கூடியது பனியா, மாறியது தராசா? அங்கே ஓராண்டில் விழும் பனி, உலகக் கடல்மட்டத்தில் சுமார் 6 மி.மீ.க்குச் சமம். அதில் சிறு பிசகும் சின்ன விஷயமல்ல.

எர்த்கேர் நல்ல கருவி. பனி விழும் வேகத்தையும் அதன் டாப்ளர் ரேடார் சொல்கிறது. ஆனால் திட்டமிட்ட ஆயுள் மூன்றே ஆண்டு. கிளவுட்சாட் 700 கி.மீ. உயரத்தில் பறந்தது, இது 400-க்கும் கீழே; காற்றின் இழுவையோடு மல்லுக்கட்டி எரிபொருளைச் செலவழித்துக்கொண்டே இருக்க வேண்டும். பழையதைப் போல 17 ஆண்டு வரும் என்று நம்பி உட்கார முடியாது.

ஆகவே அடுத்த ரேடாருக்கு இப்போதே பணம் ஒதுக்குங்கள். எர்த்கேர் உயிரோடு இருக்கும்போதே அது மேலே போகட்டும். தெற்கின் ஒரு குளிர்காலத்தையாவது இரண்டும் சேர்ந்து பார்க்கட்டும்.