உன் ஆஸ்பத்திரி ஃபைலில் எழுத வேண்டியது

அன்புள்ள மகளுக்கு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இந்தப் பத்துக்குப் பத்து வீட்டில் போன் பேசினால் அப்பாவுக்குக் கேட்கும், அவருக்குக் கேட்காவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்கும், நடுவில் இருப்பது ஒரே சுவர்தானே. அதனால் காலையில் மல்லிகை பறித்துக் கொடுத்துவிட்டு வந்து, அப்பா பெயிண்ட் வேலைக்குப் போன பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகப் போகும். பேரன் தூங்கின பிறகு படி.

வியாழக்கிழமை நீ அழுதது இன்னும் காதிலேயே இருக்கிறது. கர்ப்பத்தில் பார்க்கிற சக்கரை டெஸ்டுக்குக் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள், 140க்குள் இருக்கணுமாம், 162 வந்துவிட்டது என்றாய். அப்புறம், "மாம்பழம் தின்னேன்மா, என் வாய்தான் காரணம்" என்றாய். அதைக்கூட விட்டுவிடலாம். "குடும்பத்துல யாருக்காவது சக்கரை இருக்கான்னு டாக்டர் கேட்டாங்க, இல்லேன்னு சொல்லிட்டேன்" என்றாய் பார், அதைக் கேட்ட பிறகு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

இருக்கிறது பிள்ளை. அப்பாவுக்கு 9 வருஷமாகச் சக்கரை. எனக்கு 11 வருஷமாகப் பிரஷர். அப்பாவுக்குத் தெரியவந்த நேரம் உனக்குக் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இலங்கை அகதி முகாம் பெண் என்பதே ஒரு குறை, அதோடு சக்கரைக் குடும்பம் என்றும் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று பயந்து மூடிவைத்தோம். இப்போது மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. நீ ஊருக்கு வரும்போதெல்லாம் அந்த டப்பா கொள்ளு டின்னுக்குள் போய்விடும். போன பொங்கலுக்குக் கொள்ளு வறுக்கிறேன் என்று நீ டின்னைத் திறக்கப் போனபோது நான் எதற்கு அப்படிக் கத்தினேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது உன்னைப் பற்றியது. உன் கதையை நீ பிறந்ததிலிருந்து சொல்லியிருக்கிறேனே தவிர, அதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னதில்லை.

1990 ஜூனில் மறுபடி சண்டை தொடங்கினபோது நீ வயிற்றில் இரண்டு மாசம். மன்னாரில் இருந்து கிளம்பி மடு மாதா கோயில் வளவுக்குப் போனோம், எங்களைப் போல ஆயிரக்கணக்கான சனம் அங்கே மரத்தடியில் கிடந்தது. ஒரு நேரம் கஞ்சி, அதுவும் எல்லா நாளும் இல்லை. எனக்கு மசக்கை வேறு, கிடைத்ததும் உள்ளே தங்காது. ஆகஸ்ட் கடைசியில் இருந்த நகையை விற்று ராத்திரி படகில் ஏறினோம். தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடி முப்பது கிலோமீட்டர்கூட இல்லை, பார்க்கப்போனால் நம் பவானிசாகரில் இருந்து கோபிக்குப் போகிற தூரம்கூட வராது. படகுக்காரன் கரைவரைக்கும் வராமல் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். விடியும்வரை அங்கே குடிக்கத் தண்ணீர் இல்லை. அதற்குப் பிறகு மண்டபம் முகாம், அங்கே வயிற்றுப்போக்கு, அப்புறம் பஸ்ஸில் ஏற்றி இங்கே கொண்டுவந்து தார் ஷீட் கொட்டகையில் விட்டார்கள். ஜனவரியில் நீ பிறந்தபோது ஒரு கிலோ 900 கிராம். நர்ஸ் உன்னை ஒரு கையிலேயே தூக்கினாள்.

ஒரு தடவை முகாமுக்கு வந்த டாக்டரம்மா சொன்ன விஷயத்தை அன்றிலிருந்து மனதிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944–45 குளிர்காலத்தில், ஹாலந்தில் ஜெர்மன்காரர்கள் சாப்பாடு போகவிடாமல் தடுத்து ஊரே பட்டினி கிடந்ததாம். அப்போது தாய் வயிற்றில் இருந்த பிள்ளைகளைத் தேடிப்பிடித்து ஐம்பது வயதில் சோதித்துப் பார்த்தால், சக்கரையைச் சமாளிக்கிற சக்தி அவர்களுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்ததாம். வயிற்றுக்குள் இருக்கும்போதே பிள்ளையின் உடம்பு பஞ்சத்துக்குப் பழகிக்கொள்கிறது, பிறகு வெளியே வந்து வேளாவேளைக்குச் சோறு கிடைத்தால் அதைக் கையாளத் தெரியாமல் திணறுகிறது என்று டாக்டரம்மா விளக்கினார். கூட இருந்த பெண்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நான் உன் எடையை நினைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு வந்தது அதனால்தான் என்று அடித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. பட்டினியே தெரியாத வீட்டுப் பெண்களுக்கும் கர்ப்பத்தில் சக்கரை வருகிறது. ஆனால் எல்லாப் பழியையும் தூக்கி ஒரு மாம்பழத்தின் தலையில் போடாதே, அவ்வளவுதான்.

நாங்கள் சாப்பிட்ட சாப்பாடும் ஒன்றும் சரியில்லை. கடலோரத்தில் மூன்று வேளையும் மீன் தின்ற சனத்தை இந்த வறண்ட சீமையில் கொண்டுவந்து வைத்து, கிலோ 57 காசுக்கு அரிசி கொடுத்தார்கள். நன்றிகெட்டதனமாகப் பேசவில்லை, அந்த அரிசி இல்லையென்றால் நீ இல்லை. ஆனால் காலையில் அரிசி, மத்தியானம் அரிசி, ராத்திரி அரிசி, தொட்டுக்கொள்ள ஒரு சம்பல், இப்படியே இத்தனை வருஷம். அணை மீனைக் காரில் வந்து தேடிப்பிடித்துச் சாப்பிடுகிறார்கள், உன் அப்பாவுக்கு இன்றைக்கும் அது சேற்று வாடைதான். இந்த ஊர்க்காரர்கள் கொள்ளு, ராகி, கம்பு என்று சாப்பிட்டதை நாம் பார்த்தோமே தவிரப் பழகவில்லை. தோட்டத்து அம்மா, "ஏன் அம்மிணி, களி கிண்டித் தின்னா என்ன கொறஞ்சா போயிருவ?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பார்.

உனக்கும் ஒரு பழக்கம் இங்கிருந்து வந்தது, உனக்குத் தெரியாது. நீ தண்ணீரே குடிப்பதில்லை, மாப்பிள்ளையும் சொன்னார். பொதுக் கக்கூஸ் தூரத்தில், வெளிச்சம் கிடையாது, அதனால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பெண் பிள்ளைகள் யாரும் தண்ணீர் குடிக்கமாட்டீர்கள். இப்போது உன் வீட்டுக்குள்ளேயே பாத்ரூம் இருக்கிறது. சக்கரை இருக்கிற கர்ப்பிணிக்கு மூத்திரத்தில் கிருமி சீக்கிரம் சேருமாம். குடி.

அப்பா விஷயம் சொல்கிறேன், ஆனால் நான் சொன்னேன் என்று காட்டிக்கொள்ளாதே. இரண்டு வருஷம் முன்னால் வலது கை தூக்க முடியவில்லை, சாரத்தில் ஏறமுடியாமல் ஒரு மாசம் வீட்டில் இருந்தார். எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார்கள். ஸ்கேன் சென்டரில் ஒரு பையன் தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்கிறான், உடம்பில் இரும்பு, பிளேட், ஸ்குரூ ஏதாவது இருக்கிறதா என்று. அப்பா இல்லை என்கிறார். நான் முகத்தைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றி அந்தப் பச்சை அங்கியை மாட்டி உள்ளே கூட்டிப்போகும்போது என்னால் முடியவில்லை, "தம்பி, நில்லுங்க, அவர் தோளில் செல் துண்டு இருக்கு" என்றேன். அந்தப் பையனுக்கு செல் என்றால் என்னவென்றே விளங்கவில்லை. பாட்டரி என்று நினைத்துக்கொண்டான். சண்டையில் வந்து விழுகிற குண்டு என்று விளக்கிச் சொன்ன பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள், புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளையாகத் தெரிந்தது. அது பெரிய காந்தம் உள்ள மிஷினாம், உள்ளே இருக்கிற இரும்பு நகரலாம், சூடாகலாம் என்று பெரிய டாக்டர் வந்து திட்டினார். எம்ஆர்ஐ வேண்டாம் என்று சொல்லி வேறு ஸ்கேன் எடுத்து அனுப்பினார்கள்.

பஸ்ஸில் புளியம்பட்டி தாண்டுகிறவரை அவர் வாய் திறக்கவில்லை. பிறகு, "எழுதிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். 1991ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு முகாமில் எவ்வளவு கெடுபிடி என்று உனக்கு நினைவிருக்காது, நீ கைக்குழந்தை. உடம்பில் தழும்பு இருக்கிற ஆணைப் பார்த்தால் முதல் கேள்வி, நீ இயக்கமா என்பதுதான். உன் அப்பா அரிசி மூட்டையோடு ஓடும்போது விழுந்த செல் அது. ஆனாலும் முப்பது வருஷமாக எந்த டாக்டர் கேட்டாலும் சாரத்தில் இருந்து விழுந்தேன் என்றே சொல்லிப் பழகிவிட்டார். தாளில் ஏறினால் எங்கே போய்ச் சேருமோ என்ற பயம், இப்போது மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றின பிறகும் போகவில்லை.

எனக்கும் அப்படி ஒன்று நடந்தது, இது கொஞ்சம் சிரிப்பு. நெஞ்சு இறுகுகிறது, பெருமூச்சு வருகிறது, தூக்கம் இல்லை என்று போனபோது நர்சம்மா வேறு என்ன செய்கிறது என்று கேட்டார். "நிறைய யோசனை" என்றேன். "என்ன யோசனைங்க, எங்களுக்கும் சொல்லுங்க, கேட்டுக்கறோம்" என்றார் சிரித்துக்கொண்டு. நம் ஊரில் யோசனை என்றால் மனம் ஓயாமல் அரிக்கிறது என்று அர்த்தம், இங்கே ஐடியா. சக்கரை வியாதியை நாம் சலரோகம் என்போம், இங்கே அதைச் சளி என்று நினைத்தார்கள். அன்றைக்கு ஈசிஜி எடுத்தார்கள், அதில் ஒன்றும் இல்லை, வாயு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அப்படி எத்தனை வாயு மாத்திரை தின்றிருப்பேன்.

சண்டை நடந்த இடங்களில் இருக்கிறவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் மனநோய் ஏதாவது ஒன்று இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னதாம். நான் எங்கள் வரிசையில் வீடு வீடாக மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். குடிக்கிறவர்களையும் சேர்த்தால் கணக்கு ஐந்தில் ஒன்றோடு நிற்கவில்லை. சண்டையை விட்டு வந்து இத்தனை வருஷம் ஆகிவிட்டது என்கிறார்கள். யானை இறங்குகிற ராத்திரிகளில் காட்டோரம் வெடி போடுவார்கள் இல்லையா, போன மாசம் அப்படிப் போட்டபோது அப்பா தூக்கத்திலேயே எழுந்து என்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். முழங்கை சிராய்த்துவிட்டது. காலையில் இது எப்படி ஆச்சு என்று அவரே கேட்கிறார். பாத்ரூமில் வழுக்கினது என்றேன். நானும் அவரைப் போலத்தான் ஆகிவிட்டேன் பார்.

இதற்குத்தான் கண்ணு இவ்வளவும் எழுதுகிறேன். ஆபீசில் சொந்த ஊர் சத்தி என்று சொல்லிக்கொள்கிறாய், தெரியும், எனக்கு அதில் வருத்தம் இல்லை, வாடகைக்கு வீடு கேட்கப் போனாலும் அப்படியே சொல்லு. டாக்டரிடம் மட்டும் வேண்டாம். அடுத்த தடவை போகும்போது, அப்பாவுக்குச் சக்கரை, அம்மாவுக்குப் பிரஷர், நான் வயிற்றில் இருக்கும்போது அம்மா பட்டினி, பிறந்தபோது ஒன்று தொள்ளாயிரம், அகதியாக வந்தவர்கள், இதை அப்படியே சொல்லு. அவர் எழுதட்டும். எழுதாவிட்டால் எழுதச் சொல்லு. பிரசவமானதும் சக்கரை இறங்கிவிட்டது என்று விட்டுவிடாதே, ஆறு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை பார்க்கணும், அதற்குப் பிறகும் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கணும், இப்படி வந்தவர்களுக்குப் பின்னால் நிரந்தரமாக வர வாய்ப்பு அதிகமாம். இன்சுலின் போடச் சொன்னால் பயப்படாமல் போட்டுக்கொள், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

தோட்டத்து அம்மா கொடுத்த கொள்ளு இரண்டு கிலோவும் அரைத்த ராகி மாவும் பையில் கட்டி வைத்திருக்கிறேன், உன்னைப் பார்க்க வரும்போது கொண்டுவருகிறேன். அப்பாவும் வருவார். போன தடவை பேரன் அவர் தோளைத் தடவிப் பார்த்து, தாத்தா இது என்ன என்று கேட்டதற்கு, மீன் முள் குத்தி உள்ளேயே தங்கிவிட்டது என்றார். அவன் நம்பிவிட்டான். இந்தத் தடவையும் கேட்பான், நீ குறுக்கே எதுவும் சொல்லாதே, அவரே என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.

வண்டிச் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டார் போல. அடுத்த ரிசல்ட் வந்ததும் அனுப்பு. "நல்லா இருக்கும்மா" என்று அனுப்பாதே, நம்பரை அனுப்பு.

அம்மா