பேசாதவர் என்று பெயரை அடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சபைக்கு மூப்பரையோ வாலிபர் சங்கத்துக்குப் பொறுப்பாளரையோ தேர்ந்தெடுக்க உட்காரும்போதெல்லாம், "ஆள் நல்லவர்தான், ஆனால் கலகலப்பாகப் பழகமாட்டார்" என்று யாராவது சொல்வார்கள். அதோடு அந்தப் பெயர் போய்விடும். 12 ஆண்டுகளாகக் கமிட்டியில் இருக்கும் நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரின் வீட்டு நிலைமையும் அறிந்த ஒரு சகோதரியை, மேடையில் பேசமாட்டார் என்று தடுத்தவன் நான்தான். இன்றும் உறுத்துகிறது.

எங்களுக்கு முன்பிருந்த போதகர் ஒருவர் ஆராதனை முடிந்து வாசலில் நிற்பார். இரண்டு வார்த்தைக்கு மேல் வராது. தலைக்கனம் என்றார்கள். என் மனைவி மருத்துவமனையில் இருந்தபோது பலரும் வந்து ஆறுதல் சொல்லிப் போனார்கள். நான் பேசி முடிக்கும்வரை கேட்டவர் அவர் ஒருவர்தான். அடுத்த வாரம் வந்தபோது, நான் சொன்ன ஒரு பயத்தை நினைவில் வைத்து அதற்காகவே ஜெபித்தார்.

வேதாகமத்தில், தன்னைத் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன் என்றவர் மோசே. நன்றாகப் பேசக்கூடியவர் அவருடைய அண்ணன் ஆரோன். ஜனங்களின் நெருக்குதலுக்கு இணங்கி, அவர்கள் வணங்கப் பொன் கன்றுக்குட்டியை வார்த்தது யார்? ஆரோன்தான். மோசே அப்போது மலைமேல் தனித்திருந்தார். திக்குவதும் தனிமையை நாடுவதும் ஒன்றல்ல என்பது தெரியும். ஆனால் நாவன்மையை அழைப்பின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும் நம் பழக்கத்துக்கு இது பதில் சொல்கிறது.

வேதாகமத்தின் 1 தீமோத்தேயு 3ஆம் அதிகாரம் கண்காணிக்குரிய, அதாவது சபையை நடத்துகிறவருக்குரிய, தகுதிகளைச் சொல்கிறது. தெளிந்த புத்தி உண்டு, கலகலப்பு இல்லை. போதிக்கும் திறனும் அந்நியரை உபசரிப்பதும் உண்டு. அமைதியானவர்கள் இந்த இரண்டிலிருந்தும் ஒதுங்க முடியாது. 590இல் மடத்து அமைதியை விட்டு மனமில்லாமல் போப் ஆன பெரிய கிரகோரியும், தகுதியிருந்தும் தனிமையை விரும்பிப் பொறுப்பை மறுப்பது தவறு என்றே எழுதினார்.

சபையும் கொஞ்சம் இடம்கொடுக்க வேண்டும். கமிட்டியில் பேசப்போகும் விஷயங்களை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்; யோசித்துப் பேசுகிறவர்கள் அப்போதுதான் வாய் திறப்பார்கள். ஞாயிறு முழுவதும் ஜனங்களோடு இருந்த போதகரைத் திங்களன்று தனியே விடுங்கள். இயேசுவே கூட்டத்தை விட்டு வனாந்தரத்துக்குப் போய் ஜெபித்தார்.

அடுத்த மாதம் எங்கள் சபையில் மீண்டும் தேர்வு வருகிறது. அந்தச் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். சம்மதித்தால் அவர் பெயரை நானே முன்மொழிவேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

இப்படிக்கு,
சபைக் கமிட்டி உறுப்பினர் ஒருவர்