தேதி மட்டும் எழுதி அனுப்பு

அன்புள்ள மகன் ஜெபாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். நீயும் மருமகளும் பேரனும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். மேலத்தெரு எஸ்தர் அத்தை மகன் டல்லாஸ் திரும்புகிறான், பெட்டியில் கொஞ்சம் இடம் தருகிறேன் என்றான். கருப்பட்டி, முந்திரிக்கொத்து, முதலூர் மஸ்கோத் அல்வா வைத்திருக்கிறேன். அல்வா தேங்காய்ப்பாலில் கிண்டியது, வைத்து வைத்துத் தின்னாதே.

போனில் பேசினால் போதாதா, கடிதம் எதற்கு என்பாய். நீ வீடியோவில் வருகிறபோது அப்பா நகர்வதில்லை. பேரன் முகம் பார்க்காமல் அவருக்கு ராத்திரி சோறு இறங்காது. நீயும் பிள்ளையைக் காட்டிவிட்டு "அப்புறம் பேசுறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

இந்த வருஷம் கோயில் அசன விருந்து நல்லபடியாக முடிந்தது. நம்ம சபைக்குப் புதுப் போதகராக வந்த ஐயர் சின்ன வயசு, பிரசங்கம் சுருக்கமாக வைக்கிறார், அதனால் பெரியவர்களுக்கு அவர் மேல் கொஞ்சம் வருத்தம். கீழவீட்டுப் பெரியப்பா காரியம் உனக்குத் தெரியும், அது அப்படியேதான் இருக்கிறது. மழை போதவில்லை.

போன வாரம் சித்தி வந்திருந்தாள். மருமகளுடைய சிநேகிதி யாரோ வைத்த ஸ்டேட்டஸ் என்று போனில் ஒரு படம் காட்டினாள். பிள்ளை வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், கழுத்தில் சின்னதாகப் பூ வேலை. எங்கே வாங்கினீர்கள்? அளவு சரியாக இருந்தது. அவனைக் கையில் வைத்திருந்தவர் உங்கள் பாஸ்டர் என்றாள். ஜீன்ஸ் போட்டிருந்தார், இப்போது எல்லாரும் அப்படித்தான் போலிருக்கிறது. சுற்றி நின்றவர்கள் அவன் பக்கமாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவன் அழவில்லை. புது ஆட்களிடம் போகிறானே, நல்லதுதான். சட்டை நன்றாக இருந்தது.

அப்பாவுக்கு அந்தப் படத்தைக் காட்டவில்லை.

போன தடவை வந்தபோது உங்கள் டல்லாஸ் சபையின் "எங்கள் விசுவாசம்" என்று ஆங்கிலத்தில் ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போனாயே, அதை டிக்ஷனரி வைத்துக்கொண்டு முழுதும் வாசித்தேன். சரித்திர டீச்சரிடம் கொடுத்தால் சிவப்பு மையோடுதான் வாசிப்பாள் என்று உனக்குத் தெரியாதா? ஒரே தேவன், பிதா குமாரன் பரிசுத்த ஆவி. கன்னியிடத்தில் பிறந்தது, சிலுவை, மூன்றாம் நாள் உயிர்த்தெழுதல், மறுபடியும் வருவது. கிரியையினால் அல்ல, கிருபையினாலே இரட்சிப்பு. இதில் எது புதுசு? கிருபை வரி நம்ம வேதத்தில் இருக்கிறதுதான், மற்றதெல்லாம் நீ மூணாம் வகுப்பிலேயே கையைக் கட்டிக்கொண்டு விசுவாசப்பிரமாணத்தில் ஒப்பித்ததுதான். மனுஷர் எழுதின பிரமாணம் எதுவும் எங்களுக்கு வேண்டாம், வேதம் மட்டும் போதும் என்று மேலே எழுதிவிட்டு, கீழே நம்பர் போட்டு ஒரு பிரமாணம் எழுதியிருக்கிறார்கள். சிரிப்பு வந்தது. கோபப்படாதே.

வித்தியாசம் கடைசியில்தான் வருகிறது. பிஷப் கிடையாது, அவருக்கு மேலே சினாடு என்ற பெரிய சபை மன்றமும் கிடையாது, ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே நடத்திக்கொள்ளும், மூப்பர்கள் உண்டு. விசுவாசித்தவர்களுக்கு மட்டும், தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம். குழந்தைகளைப் பற்றி ஒரே வரி. அந்த வரியைத்தான் பலமுறை வாசித்தேன்.

"நாங்க எந்த டினாமினேஷனும் கிடையாதும்மா, வெறும் கிறிஸ்தவங்க" என்று நீ சொன்னபோது அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். நான் போகவில்லை, எனக்கு அது கெட்ட வார்த்தையாகப் படவும் இல்லை. ஆனால் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தின் முதல் அதிகாரத்தை எடுத்துப் பார். ஒருவன் பவுலைச் சேர்ந்தவன் என்கிறான், ஒருவன் அப்பொல்லோ, ஒருவன் கேபா. நாலாவதாக ஒருவன், நான் கிறிஸ்துவைச் சேர்ந்தவன் என்கிறான். பவுல் அவனையும் அந்தச் சண்டைக்காரர் வரிசையில்தான் நிறுத்துகிறார். அவன் சொன்னதில் என்ன தப்பு என்று உங்கள் பாஸ்டரிடம் கேட்டுப் பார். பதில் என்ன என்று எனக்கும் சொல்லு.

பிரிவு வேண்டாம் என்று முதலில் சொன்னது டல்லாஸ்காரர்கள் என்று நினைத்துக்கொள்ளாதே. நம்ம திருநெல்வேலி மண்ணிலேயே 1835ல் மிஷனரி ரேனியஸ் ஐயரை அவருடைய மிஷன் விலக்கியது எதனால்? உபதேசிமாருக்குக் குருப்பட்டம் யார் கொடுப்பது, பிஷப் கைதான் வைக்க வேண்டுமா என்ற வழக்கில் தொடங்கியதுதானே. அவரிடம் படித்த அருளப்பன், சம்பளமில்லாமல் விசுவாசத்தில் ஊழியம் செய்யக் கிளம்பினார். இங்கிலாந்தில் பல் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த குரோவ்ஸ் என்பவர் 1833ல் இந்தியாவுக்கு வந்து, பெயரும் பட்டமும் இல்லாமல் வேதத்தை வைத்து அப்பம் பிட்டால் போதாதா என்று கேட்டார், அருளப்பனுக்கு அது பிடித்துப்போயிற்று. அருளப்பன் இருந்த கிறிஸ்டியான்பேட்டையில் 1860ல் எழுந்த பக்தி எழுப்புதலைப் பற்றி உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன், நீ தூங்கிவிட்டாய். பிரகாசபுரத்துச் சட்டாம்பிள்ளை 1857ல், வெள்ளைக்கார மிஷனே வேண்டாம் என்று தனிச் சபை கண்டு, சனிக்கிழமை ஓய்வுநாள் ஆசரித்தார். உங்கள் பாஸ்டருக்கு இந்தக் கதையெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. உனக்குத் தெரிய வேண்டும்.

நம்ம சி.எஸ்.ஐ.யை, தென்னிந்தியத் திருச்சபையை, நீ ஒரு டினாமினேஷன் என்கிறாய். அதுவும் பிரிவு வேண்டாம் என்று பிறந்ததுதான். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று தனித்தனியாக வந்தவர்கள் வருஷக்கணக்காகப் பேசி, 1947 செப்டம்பர் 27ந்தேதி மதராஸ் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றானார்கள். பிஷப் இருந்தவர்களும் இல்லாதவர்களும் அன்றைக்கு ஒரே மேஜையில் திருவிருந்து எடுத்தார்கள். அவர்களெல்லாரும் ஒன்றாயிருக்கவும் என்ற வசனம் இன்றைக்கும் நம்ம சின்னத்தில் இருக்கிறது. நீங்கள் பிரிவை ஒழிக்கத் தனியாகப் போகிறீர்கள், இவர்கள் ஒழிக்க ஒன்றாக வந்தார்கள். இரண்டும் பாதியில் நிற்கிறது, சொல்லிவிடுகிறேன்.

உங்கள் நாட்டிலும் அதே கதைதான். தாமஸ் கேம்பல் என்ற பிரெஸ்பிட்டேரியன் ஊழியர் 1809ல், வேதம் பேசுகிற இடத்தில் பேசுவோம், வேதம் மௌனமாயிருக்கிற இடத்தில் மௌனமாயிருப்போம் என்றார். எவ்வளவு நல்ல வார்த்தை! அதை நம்பிச் சேர்ந்தவர்கள், ஆராதனையில் ஆர்கன் வாசிக்கலாமா கூடாதா, மிஷனரி சங்கம் வைக்கலாமா கூடாதா என்று பிரிந்து, 1906 கணக்கெடுப்பில் இரண்டு சபையாக எழுதப்பட்டார்கள். வேதம் ஆர்கனைப் பற்றி மௌனமாயிருந்தது, இவர்களால்தான் இருக்க முடியவில்லை. எந்தப் பிரிவிலும் சேராத சபைகள் 2020 கணக்குப்படி அமெரிக்காவில் 44,000க்கு மேல், ஜனங்கள் 2 கோடிக்கு மேல் என்று நீ பெருமையாகச் சொன்னாய். பிரிவில்லாதவர்கள் சேர்ந்தே இவ்வளவு பெரிய பிரிவாகிவிட்டீர்களே, ராசா!

வண்டி மெதுவாக ஓட்டு. பிள்ளையைப் பின் சீட்டில்தானே வைக்கிறாய்?

உன்னைக் குறை சொல்லவே எழுதுகிறேன் என்று நினைக்காதே. இங்கே இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் மணி அடித்த பிறகு எழுந்திருக்கிறவன் நீ. அங்கே காலையிலேயே போய், வெயிலில் மஞ்சள் கோட்டு போட்டுக்கொண்டு கோயிலுக்கு வருகிறவர்களின் கார்களுக்கு வழி காட்டுகிறாய் என்று மருமகள் சொன்னாள். சாயங்காலம் ஐயரம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். தசமபாகம் பிசகாமல் கொடுக்கிறாய். தினம் வேதம் வாசிக்கிறாய். உன் வயதுப் பையன்கள் இங்கே கோயில் சுவரோடு நின்று போன் பார்க்கிறார்கள். அதையும் தெரிந்துதான் எழுதுகிறேன்.

மருமகள் பிள்ளை பெற்றிருந்தபோது எனக்கு விசா நாள் கிடைக்கவில்லை. பெருங்காயம், பூண்டு, சுக்கு எல்லாம் இடித்து டப்பாவில் வைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருந்தேன். உங்கள் சபைப் பெண்கள் முறை போட்டுக்கொண்டு வாசலில் சாப்பாடு வைத்துவிட்டுப் போனார்களே, ஒருத்தி பெயரும் எனக்குத் தெரியாது. அவர்களுக்காக ஜெபிக்கிறேன். பொறாமையும் பட்டேன், அதையும் ஆண்டவரிடம் சொல்லியிருக்கிறேன். பாஸ்தா கொடுத்தால் பால் ஊறுமா என்று அப்போது கேட்க நினைத்துக் கேட்கவில்லை. ஊறியிருக்கிறது, பிள்ளை குண்டாகத்தான் இருக்கிறான்.

ஒன்று மட்டும் கேட்டு வை. அங்கே கணக்கு யார் பார்க்கிறார்கள்? நம்ம சேகரத்துச் சபைகளில் தேர்தல் வந்தால் அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை, கோர்ட்டு வரைக்கும் போகிறார்கள், அது பார்த்துத்தான் உனக்கு வெறுத்துப்போயிற்று என்று எனக்குத் தெரியும். ஜாஸ்மின் கல்யாணத்தில் அவர்கள் செய்ததை நானும் மறக்கவில்லை. ஆனால் நம்மிடம் சண்டை போட ஒரு இடமாவது இருக்கிறது. ஐயர் தப்பு செய்தால் சேகரக் கமிட்டி, அதற்கு மேலே பிஷப், அவரே தப்பு செய்தால் சினாடு. உங்கள் ஜீன்ஸ் பாஸ்டர் நல்லவராகவே இருக்கட்டும். நாளைக்கு அவர் தடுமாறினால் நீ யாரிடம் போய் நிற்பாய்? மூப்பர்களை யார் தேர்ந்தெடுத்தது? அவரே என்றால் யோசி. கட்டிடம் யார் பெயரில் இருக்கிறது? கையெழுத்து எதுவும் போடுமுன் வாசித்துப் பார். கணக்கு யார் பார்க்கிறார்கள் என்று கேள்.

நீ முழுக்கு ஞானஸ்நானம் எடுத்ததைப் பற்றி நான் இதுவரைக்கும் உன்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. எடுத்து முடித்த பிறகுதானே சொன்னாய், அதற்கு மேல் என்ன சொல்ல? விசுவாசித்து ஞானஸ்நானம் பெறுகிறவன் என்று மாற்கில் இருப்பதை நீ காட்டுவாய். சிறைச்சாலைக்காரனும் அவன் வீட்டார் எல்லாரும் என்று அப்போஸ்தலர் பதினாறை நான் காட்டுவேன். இரண்டு பேருக்கும் வசனம் இருக்கிறது. பழைய ஜெபப்புத்தகத்தில் குழந்தையை முக்கவும் தண்ணீர் ஊற்றவும் இரண்டுக்கும் இடமுண்டு, எனக்குத் தண்ணீரின் அளவில் சண்டையில்லை. நீ கேட்காமலே, உனக்கு ஒன்றும் தெரியாத வயதிலே, உன்னை ஆண்டவர் தம்முடையவன் என்றார். அதற்குச் சாட்சியாக நானும் அப்பாவும் உன் ஞானத்தாயும் நின்றோம். மறுபடி முழுகியபோது, அன்றைக்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று நீ சொன்னதாகத்தான் அப்பா எடுத்துக்கொண்டார். நீ அப்படிச் சொல்லவில்லை என்று நான் அவரிடம் வாதாடினேன். சொன்னாயா?

ஒரு காரியம். அலமாரியில் இருக்கிற தாத்தா பைபிளின் முன்பக்கம் உனக்கு ஞாபகமிருக்கும். பெயர், பிறந்தது, ஞானஸ்நானம், திடப்படுத்தல், விவாகம், நித்திரை என்று தாத்தா கோடு போட்டது. ஈத்தன் சாமுவேல் என்று எழுதிவிட்டேன், தாத்தா பெயரைச் சேர்த்து வைத்தீர்களே, எழுதும்போது அப்பா பக்கத்தில் நின்று எழுத்துப்பிழை பார்த்தார். பிறந்த தேதியும் எழுதியாயிற்று. அடுத்த கட்டத்தில் என்ன எழுத என்று கேட்டார். அப்புறம் எழுதலாம் என்றேன்.

அந்தப் படத்தில் நடந்ததற்குப் பிரதிஷ்டை என்று பெயர் என்று சித்தி சொன்னாள். அன்னாள் தன் பிள்ளையை ஆலயத்தில் கொண்டுபோய் விட்டாளே, அதை வைத்துத்தான் செய்கிறார்களாம். அவன் பெயரும் சாமுவேல், பொருத்தம்தான். ஆனால் அடுத்த அதிகாரத்தையும் வாசியுங்கள். அன்னாள் வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு போவாள் என்று இருக்கிறது. எனக்கு முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சட்டையை நான் தைத்து அனுப்பியிருப்பேன். என் மெஷின் இன்னும் ஓடுகிறது.

தலைப்பில் தாத்தா ஞானஸ்நானம் என்றுதான் எழுதியிருக்கிறார், அதை நான் அடிக்க மாட்டேன். கட்டத்துக்குள் பென்சிலில், பிரதிஷ்டை, டல்லாஸ் என்று எழுதிக்கொள்கிறேன். தேதி மட்டும் எழுதி அனுப்பு. பெரியவனாகி அவனே கேட்டு முழுகினாலும், அதற்கு முன் நீங்கள் மனம் மாறி இங்கே கொண்டுவந்தாலும், அப்போது மையில் எழுதலாம். மருமகளை வற்புறுத்தாதே. நான் எழுதினதாகவும் அவளிடம் சொல்லாதே, சட்டையை மெச்சினேன் என்று மட்டும் சொல்லு.

அப்பாவிடம் நீயே பேசு. எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பேசினது போதும்.

அன்புடன்,
அம்மா

பி.கு. நார்த்தங்காய் ஊறுகாய்ப் பாட்டிலை இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டியிருக்கிறேன், திறக்கும்போது பார்த்துத் திற. பிள்ளையின் இப்போதைய தோள் அளவும் உயரமும் எடுத்து, தேதியோடு சேர்த்து அனுப்பு. கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் இருக்கிறது.